ஒரு கூறு காரப்பொடியின் விலை

விலைவாசியைப் பற்றி யார் கவலையோடு பேசினாலும் எனக்குச் சிரிப்பு வந்துவிடும். இதற்காக வீட்டில் எத்தனையோ முறை திட்டு வாங்கியிருக்கிறேன். போன வாரம் பேப்பரில் பெரிய சண்டை. விலைவாசிப் புள்ளி ஏறிவிட்டது, பஞ்சப்படியைக் கூட்டு என்று ஒரு தரப்பு. ஏறவே இல்லை, காலம் கெட்டுக் கிடக்கிறது, கூட்ட முடியாது என்று இன்னொரு தரப்பு. நங்கநல்லூரில் என் பக்கத்து வீட்டுக்காரர் பேப்பரும் கையுமாக வந்து, "சார், இந்தப் புள்ளியெல்லாம் எங்கேருந்துதான் வருது?" என்று கேட்டார். "சில சமயம் மீன் கூடையிலிருந்து வரும்" என்றேன். நான் கேலி பேசுவதாக நினைத்து அவர் போய்விட்டார்.

கேலி இல்லை. விலை எழுதியே பிழைத்தவன் நான். அவரிடம் சொல்ல முடியாமல் போனதை இங்கே எழுதிவிடுகிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுவில் வேலைக்குச் சேர்ந்தேன். எங்கள் அலுவலகத்துக்கு நீளமான இங்கிலீஷ் பெயர் ஒன்று உண்டு. எல்லோரும் சொன்னது விலை ஆபீஸ். தொழிலாளிகளும் கடைநிலைச் சிப்பந்திகளும் வாங்கும் சாமான்கள் என்ன விலை விற்கின்றன என்று வாரா வாரம் போய் எழுதிவர வேண்டும். முதல் இரண்டு வருஷம் பிரதி எடுப்பதிலேயே போயிற்று. மூன்றாவது வருஷம் படி, வீசை, விறகுக் கட்டு என்று அளவுகளைக் கற்றேன். அதற்கப்புறம் தென் சென்னை முழுவதும் என் தலையில் விழுந்தது. செவ்வாய்க்கிழமை மாம்பலத்தில் காய்கறி. ஏரியைத் தூர்த்து அப்போதுதான் தெருக்கள் போட்டிருந்தார்கள், மழை பெய்தால் ஏரிக்கு ஞாபகம் வந்துவிடும், நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கத்திரிக்காய் விலை கேட்பேன். வியாழக்கிழமை அடையாற்றில் விறகும் மண்ணெண்ணெயும். புதன்கிழமை காலையில் சாந்தோம் பக்கத்து மணலில் மீன்.

மயிலாப்பூர்க்காரன், குடுமி வைத்தவன், முட்டையைக் கூடக் கையால் தொட்டதில்லை. என்னை மீன் சந்தைக்கு அனுப்பினார்களே என்று அழாத குறை. என் மனைவி கமலம் அதைவிட. "புதன்கிழமை வாசப்பக்கமா வரப்படாது. கொல்லப்பக்கமா வந்து கிணத்தடில நாலு குடம் கொட்டிண்டு ஆத்துக்குள்ள வாங்கோ. சர்க்கார் உத்தியோகம்னு சொல்லி எங்கப்பாவ ஏமாத்தி கல்யாணம் பண்ணிண்டேளே!" என்பாள். சொல்லிவிட்டு, குளித்து வந்த உடனே சுடச்சுடக் காபியும் கொடுப்பாள்.

எங்கள் மேலதிகாரி கரீம் சாகிப். ராயப்பேட்டையில் தலைமுறை தலைமுறையாக இருந்த உருதுக் குடும்பம். அவரைப்போல ஒரு மனிதரை அப்புறம் நான் பார்க்கவே இல்லை. குரலை உயர்த்த மாட்டார். சாதாரணமாக என்னை "சிவராமா, நீ" என்று கூப்பிடுவார். கோபம் வந்தால் மரியாதை கூடிவிடும், "நீங்க உட்காருங்க சிவராமன்" என்பார். அந்த "நீங்க"வைக் கேட்டாலே எங்கே தப்பு விட்டேன் என்று நோட்டைப் புரட்ட ஆரம்பித்துவிடுவேன். அவர் மேஜையில் ஒரு பக்கம் நீலமும் மறு பக்கம் சிவப்புமாக ஒரு பென்சில் இருக்கும். அதை அவரே சீவுவார், வேறு யாரையும் தொட விடமாட்டார். நாங்கள் கொண்டுவரும் ஒவ்வொரு விலைக்கும் ஒரே கேள்வி: "சொன்ன விலையா, கொடுத்த விலையா?" கடைக்காரர் வாயால் சொன்ன விலைக்குச் சிவப்புக் கோடு. யாரோ காசு கொடுத்து வாங்கியதைக் கண்ணால் பார்த்த விலைக்கு நீலக் கோடு. நீலம்தான் மேலே போகும்.

முதல் புதன்கிழமை எனக்கு இன்னும் நன்றாக நினைவிருக்கிறது. காலை ஆறரை மணி. ஐந்தாறு மீன்காரப் பெண்கள் வரிசையாகக் கூடையை வைத்து உட்கார்ந்திருந்தார்கள். என்னோடு எங்கள் ஆபீஸ் சேவகர் முனுசாமி வந்திருந்தார். வயதில் என்னைவிடப் பத்து வருஷம் பெரியவர், சந்தை வழக்கம் எல்லாம் அறிந்தவர். பட்டியலில் எழுதியிருந்தது, "சிறு மீன், ஒரு கூறு." ஏழை எளியவர்கள் வாங்குவது காரப்பொடி என்ற பொடிமீன்; ஒரு சின்னக் குவியல் ஒரு கூறு. முதல் கூடைக்காரி லூர்தம்மாவிடம் நோட்டைப் பிரித்துக்கொண்டு, "காரப்பொடி கூறு என்ன விலை?" என்றேன். "மூணணா சாமி" என்றாள். எழுதிக்கொண்டு நகர்ந்தேன்.

அவ்வளவுதான். "யோவ் ஐயரே! இன்னா, வெல கேட்டுட்டு போய்க்கினே கீற? இன்னும் போணி ஆவல தெரியுமா? போணி நேரத்துல வெல கேட்டு வாங்காம போனா நான் இன்னிக்கி கூடைய கவுத்துக்கினு போவ வேண்டிதுதான்!" என்று எழுந்து நின்றுவிட்டாள். மற்ற பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். அன்றைய முதல் விற்பனை அவர்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்கு அப்போது தெரியாது. முனுசாமி என் காதில், "வாங்கிடு சார். வாங்கலன்னா அடுத்த வாரம் இங்க கால் வெக்க முடியாது" என்றார். கண்ணை மூடிக்கொண்டு காசை நீட்டினேன். மீனை முனுசாமி தம் துண்டில் வாங்கிக்கொண்டார்.

அன்று என்ன நடந்ததோ, எட்டு மணிக்குள் லூர்தம்மாவின் கூடை காலி. அடுத்த புதன்கிழமை பக்கத்துக் கூடைக்காரி என்னைப் பிடித்து இழுக்காத குறையாகப் போணி செய்ய வைத்தாள். அவள் கூடையும் காலி. குடுமி வைத்த ஐயர் கையில் ராசி இருக்கிறது என்று பேச்சுப் பரவிவிட்டது. புதன்கிழமை என்றால் எனக்காகவே காத்திருப்பார்கள். நான் காசு கொடுத்ததும் லூர்தம்மா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, சிலுவை போட்டு, கூடையை ஒரு சுற்றுச் சுற்றித் தொடுவாள். எனக்கோ பரம சந்தோஷம். நானே என் கையால் கொடுத்த விலை, இதைவிட நிஜமான விலை உண்டா? ஒவ்வொரு வாரமும் மீன் வரிசையில் சாகிப் நீலக் கோடு போடுவார். மீன் முனுசாமி வீட்டுக்குப் போகும். அவர் வீட்டுக் குழம்பு மணத்தது, என் வேலையும் நடந்தது.

பிறகு முப்பதுகள் வந்தன. உலகமெல்லாம் வியாபாரம் படுத்துவிட்டது என்று பேப்பரில் போட்டார்கள். அது எங்கள் ஊருக்கும் வந்தது. அரிசி விலை இறங்கியது, துணி இறங்கியது. விலை இறங்கினால் நல்லதுதானே என்று இந்தக் காலத்தில் நினைப்பீர்கள். விற்றவன் கையில் காசில்லை, அதனால் அவன் வாங்கவில்லை, அதனால் இன்னொருவன் விற்கவில்லை. சர்க்காருக்கும் வருமானம் இல்லை. எதைக் குறைக்கலாம், யாரைக் குறைக்கலாம் என்று தேட ஆரம்பித்தார்கள். விலைதான் இறங்கிவிட்டதே, கடைநிலைச் சிப்பந்திகளுக்குக் கொடுக்கும் பஞ்சப்படியை நிறுத்தினால் என்ன என்று மேலேயிருந்து கேள்வி வந்தது. எங்கள் பட்டியலைப் பார்த்துத்தான் முடிவு.

என் பட்டியலில் காரப்பொடி மூன்றணாவிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி ஓரணாவுக்கு வந்திருந்தது. சாகிப் நெற்றியைச் சுருக்கினார். "அரிசி இறங்கினது சரி சிவராமா. கடல் எதைப் பார்த்து இறங்கிச்சு?" என்றார். நான் விடுவேனா? இங்கிலீஷில் ஒரு பத்தி எழுதினேன். உலக மந்தம் துறைமுகத்தைத் தாண்டி, கட்டுமரம் வரைக்கும் வந்துவிட்டதன் அறிகுறி இது என்று. எழுதி முடித்து இரண்டு முறை எனக்கு நானே படித்துப் பார்த்துக்கொண்டேன். அவ்வளவு அழகாக இருந்தது. நீலக் கோட்டின் மேல் நம்பிக்கை வைத்துச் சாகிப் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார்.

முனுசாமிக்கும் பஞ்சப்படி வந்துகொண்டிருந்தது. ஒரு நாள் என் மேஜையைத் துடைத்துக்கொண்டே, "படிய நிறுத்திட்டாங்கன்னா பெரிய பொண்ண பள்ளிக்கூடத்துலேந்து நிறுத்திட வேண்டிதுதான் சார்" என்றார். சாந்தோமில் கன்னிகாஸ்திரீகள் நடத்திய பள்ளியில் அந்தப் பெண் படித்துக்கொண்டிருந்தாள். அப்பாவுக்கு வரும் கடிதங்களை எல்லாம் அவள்தான் படித்துச் சொல்வாள், அதில் அவருக்கு அவ்வளவு பெருமை. எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் விலை இறங்கினால் இறங்கியதுதானே, நான் என்ன செய்ய முடியும் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த புதன்கிழமை போணி செய்துவிட்டுத் திரும்பும்போது பின்னால் சத்தம் கேட்டது. அடையாற்றுப் பங்களா ஒன்றின் சமையற்காரர் லூர்தம்மாவோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தார்.

"இன்னா லூர்தம்மா இது? ஐயருக்கு மட்டும் ஓரணா, எனக்கு ரெண்டரையா? நான் குடுக்கறது இன்னா, ஓட்டாஞ்சில்லா?"

"ஐயரும் நீயும் ஒண்ணா நைனா? அவரு கைராசிக்காரு. நாலணாவுக்கு வாங்கறத நாலு காசுக்கு கேட்டாலும் குடுப்பேன். அவருக்கு வெலைக்கா குடுக்கறேன்? போணிக்கு குடுக்கறேன்!"

வந்த வழியே திரும்பி ஓடினேன். மற்ற கூடைக்காரிகளைக் கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். ஐயர் வேறு கூடைக்குப் போய்விடக் கூடாது என்று போட்டி போட்டுக்கொண்டு எனக்கு மட்டும் விலையை இறக்கியிருக்கிறார்கள். ஊருக்கெல்லாம் இரண்டு, இரண்டரை. எனக்கு ஓரணா. உலக மந்தம் என்று நான் எழுதியது என் கையின் ராசியை! "முனுசாமி, உமக்குத் தெரியுமா இது?" என்று கேட்டேன். "தெரியுமே சார். கொறச்ச வெலைக்கு வாங்கறது நல்லதுதானேன்னு இருந்துட்டேன்" என்றார் அந்த நல்ல மனுஷர்.

நேரே சாகிப் அறைக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பென்சிலை எடுத்துச் சீவ ஆரம்பித்தார். சீவிச் சீவி நீல முனை பாதியாகிவிட்டது.

"நீங்க உட்காருங்க சிவராமன்."

போச்சு என்று நினைத்தேன். வேலை போய்விடும், இல்லாவிட்டால் சம்பள உயர்வாவது நின்றுவிடும்.

"அந்த இங்கிலீஷ் பத்தி நீங்கதானே எழுதினீங்க?"

"ஆமாம் சார்."

"ரொம்ப நல்லா இருந்துச்சு. அதான் எனக்கு அப்பவே சந்தேகம் வந்திருக்கணும்" என்றார். பிறகு ஒரு காகிதத்தை இழுத்து, தம் கையாலேயே மேலிடத்துக்கு எழுதினார். மீன் விலை தவறு, கையெழுத்துப் போட்டவன் நான், தவறு என்னுடையது என்று. என் பெயரை அதில் எழுதவே இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. இன்று நினைத்தாலும் கலங்குகிறது.

அதை மேலே அவ்வளவு சுலபமாக நம்பிவிடவில்லை. படியைக் காப்பாற்றிக்கொள்ள ஆபீஸே சேர்ந்து கதை கட்டுகிறது என்று நிதி இலாகாவில் ஒரு துரை எழுதினார். கைராசி என்று ஒன்று இருப்பதாக எந்தப் புத்தகத்திலும் இல்லையாம். சாகிப் ஒரே வரியில் பதில் போட்டார், துரை புதன்கிழமை காலை ஆறரை மணிக்கு நேரில் வந்து பார்க்கலாம் என்று. ஆச்சரியம், துரை வந்தார்! தமிழ்ப் பரீட்சை எழுதித் தேறியவர், இளம் வயது, வெயிலே வராத நேரத்திலும் தலையில் பெரிய தொப்பி.

புறப்படுவதற்கு முன் சாகிப் கணக்குப் போட்டு வைத்திருந்தார். காரப்பொடி இரண்டணாவோ அதற்கு மேலோ இருந்தால் பட்டியலின் மொத்தமும் இறங்காது, படியும் தப்பும். ஒரு காலணா கீழே போனாலும் படி போய்விடும். இது எனக்குத் தெரியும், துரைக்குத் தெரியும், ஆபீஸில் தண்ணீர்ப் பானை வைப்பவர் வரைக்கும் எல்லோருக்கும் தெரியும்.

முதலில் நான் போணி செய்தேன். லூர்தம்மா ஓரணாவுக்கு ஒரு கூறு அள்ளிப் போட்டு, காசைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அடுத்து துரை குனிந்து, "அம்மணி, இம்மீனின் விலை யாது?" என்று கேட்டார். லூர்தம்மா என்னைப் பார்த்து, "இன்னா ஐயரே, கோயில்ல சாமியார் பிரசங்கம் பண்றாப்பல பேசுறாரு!" என்றாள். அவரிடம், "எட்டணா தொரே" என்றாள் கூசாமல். அந்த நேரம் பார்த்து அடையாற்றுச் சமையற்காரர் வந்தார், வழக்கம்போலச் சண்டை போட்டு இரண்டரைக்கு வாங்கிப் போனார்.

துரை நோட்டில் மூன்றையும் எழுதிவிட்டுத் தொப்பியைக் கழற்றினார். "ஒரே மீன். மூன்று விலை. இவற்றுள் எது மெய்?"

"மூணும் இல்லை" என்றார் சாகிப், முனுசாமியைக் காட்டி. "பஞ்சப்படி வாங்கறவன் இதோ நிக்கிறான். இவன் என்ன கொடுக்கிறானோ அதுதான் விலை."

"இவனுடைய படி அல்லவோ இதில் இருக்கிறது? வேண்டுமென்றே அதிகமாகக் கொடுத்துவிடுவான்."

"கொடுக்கட்டும், பாருங்க" என்றார் சாகிப்.

துரை கெட்டிக்காரர். வரிசையின் கடைசியில், அன்றுதான் புதிதாக வந்து உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணை அவரே தேர்ந்தெடுத்தார். முனுசாமி தம் சொந்தக் காசோடு போய் அவள் எதிரே குந்தினார். நாங்கள் மூவரும் நாலடி தள்ளி நின்றோம்.

"கூறு இன்னாம்மா?"

"நாலணா."

"நாலணாவா! இன்னா மீனு, தங்கத்துல செஞ்சதா? செவுளு வெளுத்துக் கீது பாரு."

"உன் கண்ணுதான் வெளுத்துக் கீது. இப்பதான் கட்டுமரத்துலேந்து எறங்கிச்சு."

"ஓரணா."

"போய்யா, கடல்ல எறங்கி நீயே புடிச்சிக்கோ."

மூன்றணாவுக்கு வந்தாள். வாங்கிவிடப்பா என்று மனசுக்குள் கெஞ்சினேன். அவர் வாங்கவில்லை. மீனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக் குறை சொன்னார். இரண்டரை. போதும் முனுசாமி! ஊஹும். இரண்டே கால். அவர் முகத்தைப் பார்த்தேன். நாங்கள் நிற்பது, துரை நிற்பது, படி, பெண்ணின் படிப்பு எதுவும் அந்த முகத்தில் இல்லை. எதிரே ஒரு கூடை, ஒரு கூறு, ஒரு பேரம், அவ்வளவுதான் இருந்தது. "ரெண்டணா, கடைசி" என்றாள். "ஒண்ணே முக்கா" என்றார் முனுசாமி.

அவள் முடியாது என்றாள். முனுசாமி எழுந்து, கையைத் தட்டிக்கொண்டு, நடக்க ஆரம்பித்தார். எல்லோருக்கும் தெரிந்த நடை அது. பின்னாலிருந்து கூப்பிடுவார்கள் என்று காதைத் தீட்டிக்கொண்டு மெதுவாக நடப்பது. கூப்பிட்டுவிட்டால் ஒண்ணே முக்காலுக்கு முடிந்துவிடும். கபாலீசுவரா, அவள் கூப்பிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். மீன் பேரத்தில் சுவாமியை இழுத்த முதல் மயிலாப்பூர்க்காரன் நானாகத்தான் இருப்பேன். அவள் வாயைத் திறந்தாள். திறந்த வாயில் வெற்றிலையைப் போட்டுக்கொண்டு வேறு பக்கம் திரும்பிவிட்டாள்.

முனுசாமி பத்தடி போனார். திரும்பி வந்தார். "சரி, குடு" என்று இரண்டணாவை எண்ணி வைத்தார். எனக்கு உயிர் வந்தது.

துரை நோட்டில் எழுதக் குனிந்தார். அதே நேரம், அந்தப் பெண் கூறைத் துண்டில் கொட்டும்போது, முனுசாமி கூடைக்குள் கையை விட்டு ஒரு பிடி மீனை அள்ளித் தம் துண்டில் போட்டுக்கொண்டார். "யோவ், யோவ்!" என்று அவள் கத்தினாள், கையில் ஒரு அடியும் போட்டாள்.

துரையின் பேனா நின்றது. "அது என்ன?"

"கொசுறு" என்றார் சாகிப். அவர் பொய் சொல்லத் தெரியாதவர். அந்தப் பிடியையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் விலை இரண்டணாவுக்குக் கீழே போய்விடும் என்பது எங்கள் மூவருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது.

"அதுவும் விலையில் சேருமன்றோ?"

"அவனையே கேளுங்க" என்றார் சாகிப்.

துரை முனுசாமியைப் பார்த்தார். முனுசாமி துண்டை முடிச்சுப் போட்டுக்கொண்டே, கொஞ்சமும் யோசிக்காமல் சொன்னார்: "அது வெலையில சேராது தொரே. அது என் சாமர்த்தியம்."

துரை கடற்கரையே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார். சாகிப் சிரித்து நான் பார்த்ததும் அன்றுதான். எட்டு வருஷம் அவரிடம் வேலை செய்தேன், அவருக்கு முன்பல் ஒன்று இல்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. துரை நோட்டில் "இரண்டணா" என்று எழுதி, அடியில் கோடு போட்டு, சாகிப் கையில் கொடுத்தார். சாகிப் பையிலிருந்து பென்சிலை எடுத்து, மீதியிருந்த நீலத்தால் தாமும் ஒரு கோடு போட்டார்.

படி நிற்கவில்லை. உத்தரவு வந்த அன்று எனக்கும் ஒரு உத்தரவு கிடைத்தது, இனிமேல் சிவராமன் எந்தச் சந்தையிலும் எதையும் வாங்கக் கூடாது, பிறர் வாங்குவதை நின்று பார்க்க மட்டும் வேண்டும் என்று. ஆனால் லூர்தம்மா விடவில்லை. வேலை நேரத்துக்கு முன்பே வந்து போணியை முடித்துவிட்டு, ஒரு சுற்று நடந்து வந்து, பிறகு நோட்டை எடு என்று அவளே வழி சொன்னாள். நான் உத்தியோகத்தில் இருந்த வரைக்கும் அப்படித்தான் செய்தேன்.

துரை வந்துபோன அன்று, சந்தையிலிருந்து ஆபீஸுக்கு நடந்து போகும்போது முனுசாமியிடம் கேட்டேன்.

"அவ மூணணா சொன்னப்பவே வாங்கியிருக்கலாமே? பொண்ணு படிப்பு உம்ம கையில இருந்துதே!"

"தெரியும் சார்."

"நடந்து போனீரே, அவ கூப்பிட்டிருந்தா? ஒண்ணே முக்காலுக்கு வாங்கியிருப்பீரா?"

"பின்ன? வாங்காம வருவேனா?"

"படி போயிருக்குமேய்யா!"

முனுசாமி நின்றார். நான் ஏதோ சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டதைப்போல என்னைப் பார்த்தார். "போனா போயிருக்கும் சார். இன்னும் நாலு வூட்ல தண்ணி எடுத்து ஊத்தி பொண்ண படிக்க வெச்சிருப்பேன். அதுக்காக அத்தினி பேரு பாக்க, ஒரு காலணா ஏமாந்து குடுத்துட்டு வர முடியுமா?"

மீன் முடிச்சைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு விறுவிறுவென்று எனக்கு முன்னால் நடந்தார். நான் சிரித்துக்கொண்டே பின்னால் ஓடினேன்.